கோதுமை வரிசைகளும் ஒரு வழக்கறிஞரும் (ஜெத்ரோ டல் வாழ்க்கை)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

நம் ஆண்டு மலரில் தலைவர்கள், கவிஞர்கள், விஞ்ஞானிகள் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகள் இடம்பெறுவது வழக்கம். உழவைப் பற்றி ஆயுள் முழுதும் சிந்தித்த ஒருவர் அவர்களிடையே இடம் பெற்றதாக எனக்கு நினைவில்லை. ஆகவே இம்முறை ஜெத்ரோ டல் என்னும் ஆங்கிலேயரைப் பற்றி எழுத விரும்பினேன். பொது அறிவு நூல்களில் இவர் விதைக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் என்ற ஒரே வரியோடு முடிந்து போகிறார். இவருடைய பெயரை 1967-ல் தொடங்கிய ஓர் ஆங்கில இசைக்குழு சூட்டிக்கொண்டதால், இவரைத் தேடிப் போகிறவர்களுக்கு முதலில் கிதாரும் புல்லாங்குழலும்தான் எதிர்ப்படும்! அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் மனிதரோ சிக்கலானவர். கோதுமையை நெருக்கி விதைப்பதா, அகல விட்டு விதைப்பதா, அகல விட்டால் எந்த வகைக் கோதுமை அந்த இடைவெளிக்குத் தகுதியானது என்ற கேள்விகளை வயலில் நின்று கேட்டவர். விடைகளை நூலாகவும் எழுதி வைத்தவர். அந்த நூலை அகராதியின் துணையோடு சில மாதங்கள் படித்தேன். அதிலிருந்தும் பிற நூல்களிலிருந்தும் நான் அறிந்தவற்றையே இங்குக் கூறுகிறேன்.

ஜெத்ரோ டல் 1674-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெர்க்‌ஷயர் மாவட்டத்திலுள்ள பேசில்டன் என்னும் ஊரில், சொந்த நிலமுள்ள குடும்பத்தில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஜான் கல்லூரியில் பயின்றார். பின்னர் லண்டனில் கிரேஸ் இன் என்னும் சட்டக் கல்விக் கழகத்தில் சேர்ந்து, 1699-ல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். வழக்கு மன்றத்தில் வாதாடிப் பொருள் சேர்ப்பது அவர் நோக்கமன்று. அரசியலுக்குப் போவதற்கு ஒரு படியாகவே சட்டம் பயின்றார். ஆனால் நுரையீரல் நோய் அவரை இளமையிலேயே பற்றிக்கொண்டது. பணமும் தாராளமாக இல்லை. அதே 1699-ல் சுசானா ஸ்மித் என்பவரை மணந்தார். வாலிங்ஃபோர்டு நகருக்கு அருகே, தேம்ஸ் நதிக்கரையை ஒட்டிய ஹௌபரி என்னும் பண்ணையில் குடியேறி உழவைக் கையில் எடுத்தார். விரும்பிப் போனவர் என்று சொல்வதைவிட வேறு வழியின்றிப் போனவர் என்று சொல்வதே பொருந்தும்.

அங்கே அவருக்கு முதலில் தலைவலியாக அமைந்தது கோதுமையன்று, செயின்ஃபாயின் என்னும் தீவனப் பயிர். நம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுண்ணாம்பு மண்ணில் நன்றாக வளரும். ஆனால் விதை விலை அதிகம். அக்காலத்தில் விதையைக் கையால் வீசி இறைப்பார்கள். சில இடத்தில் குவியும், சில இடத்தில் வெறுமையாகக் கிடக்கும். ஒரு விதை ஆழத்தில் புதையும்; இன்னொன்று மேலேயே கிடந்து பறவைக்கு இரையாகும். டல் கூர்ந்து பார்த்தார். நன்றாக விளைந்த இடங்களில் செடிகள் கலப்பாக நின்றன. விதையும் சரியான ஆழத்தில் விழுந்திருந்தது. ஆகவே சிறு வாய்க்கால்போல் மண்ணில் கோடு கிழித்து, அதில் கையால் மெல்லிசாக விதையிட்டு மூடும்படி ஆட்களுக்குக் கட்டளையிட்டார். விளைச்சல் நன்றாக வந்தது. மறுமுறை பெரிய பரப்பில் அதையே செய்யச் சொன்னபோது ஆட்கள் ஒத்துழைக்கவில்லை. வேண்டுமென்றே வேலையைக் கெடுத்தார்கள் என்பது டல் தரும் செய்தி. அவர் ஆட்களை நீக்கினார். மனிதக் கையின் தயவு இல்லாமல் அதே வேலையைச் செய்யும் ஒரு கருவி வேண்டும் என்று உறுதி பூண்டார்.

இளமையில் அவருக்கு இசை பொழுதுபோக்கு. தம் ஆர்கன் என்னும் காற்றிசைக் கருவியின் ஒவ்வோர் உறுப்பும் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து பார்த்தவர். அதன் ஒலிப்பலகையில் காற்றை விடவும் தடுக்கவும் ஒரு பள்ளமும் நாக்கும் வில்லும் உண்டு. அந்த அமைப்பு விதைக்கருவியாக அவர் மனத்தில் உருமாறியது. விதைப்பெட்டியின் அடியில் குழிகள் வெட்டிய ஓர் உருளை சுழலும். ஒவ்வொரு குழியும் சில விதைகளை வாங்கிக்கொள்ளும். வில்லோடு கூடிய நாக்கு அளவு தவறாமல் அவற்றைக் கீழே விடும். முன்னால் செல்லும் கொழு மண்ணில் சால் கிழிக்க, குழாய் வழியாக விதை அதில் விழ, பின்னால் வரும் பரம்பு மண்ணை மூடிவிடும். ஒரு குதிரை இழுத்தால் மூன்று வரிசை முடியும். இது நடந்தது 1701-ஆம் ஆண்டு வாக்கில்.

வாழ்த்துக் கூறி மேலே செல்வது இத்தகைய கட்டுரைகளின் மரபு. எனக்கு இந்த இடத்தில் ஒரு தயக்கம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாயார் இன்றும் பிறர் நிலத்தில் களையெடுக்கச் செல்பவர். டல் தம் கூலியாட்களைப் பற்றி எழுதியுள்ள பக்கங்கள் கசப்பானவை; அவர்களைச் சோம்பேறிகள் என்றும் வஞ்சகர் என்றும் சலிக்காமல் திட்டுகிறார். ஹௌபரியில் கோடு கிழித்து விதையிட்டவர்கள் ஏன் மறுத்தார்கள்? நாள் முழுதும் குனிந்து, விதையை எண்ணி எண்ணி இடும் வேலைக்கு என்ன கூலி பேசினார்கள்? அவர்கள் எழுதத் தெரியாதவர்கள். அவர்கள் பக்கத்துச் செய்தி எந்த நூலிலும் இல்லை. டல் மறைந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1830 நவம்பரில், அவர் வாழ்ந்த அதே ஹங்கர்ஃபோர்டு, கிண்ட்பரி வட்டாரத்தில் கூலியாட்கள் திரண்டு கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். கிண்ட்பரியைச் சேர்ந்த ஒருவர் 1831 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். அவர்கள் உடைத்தது டல்லின் கருவியை அன்று. ஆயினும் இயந்திரம் வரும்போது யாருடைய கை வேண்டாததாகிறது என்ற கேள்வி ஹௌபரியிலேயே பிறந்துவிட்டது. டல்லைப் பாராட்டும் நாம் இதையும் அருகில் வைத்துப் பாராட்டவேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. வரிசையாக விதைக்கும் கருவியை உலகிலேயே முதலில் கண்டவர் டல் என்று கூறுவது சரியன்று. பண்டைய மெசபடோமியாவில் குழாயோடு கூடிய கலப்பை இருந்தது. சீனத்தில் பல குழாய்க் கருவி ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. நம் நாட்டிலும் மானாவாரி நிலங்களில் கொர்ரு கொண்டு விதைப்பது தொன்று தொட்ட வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை இராஜதானியின் தெலுங்குப் பகுதியில் இருந்த தாமஸ் ஹால்காட் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, வரிசை விதைப்புக் கருவியை ஐரோப்பாவின் புதுக் கண்டுபிடிப்பு என்றே எண்ணியிருந்தார். குதிரையில் ஒரு வயலைக் கடந்து செல்கையில் உழவர் ஒருவர் எளிய கருவியால் அதே வேலையைச் செய்வதைக் கண்டு வியந்து, லண்டனுக்கு எழுதினார். அவர் கடிதங்களை தரம்பால் 1971-ல் வெளியிட்ட நூலில் காணலாம். டல் இவற்றைப் பார்த்துச் செய்யவில்லை, தாமாகவே செய்தார். அவருடைய உண்மையான புதுமை கருவியில் இல்லை, வரிசைகளுக்கு நடுவே அவர் விட்ட இடைவெளியில் இருக்கிறது.

1709-ல் டல் ஹௌபரியை விட்டு, ஹங்கர்ஃபோர்டுக்குத் தெற்கே ஷால்பர்ன் ஊரையடுத்த ப்ராஸ்பரஸ் என்னும் பண்ணைக்குக் குடிபெயர்ந்தார். செழிப்பு என்று பொருள்படும் பெயர்தான். நிலமோ சுண்ணாம்புக் குன்றின் மெல்லிய மண். நோய் முற்றியதால் 1711-ல் ஐரோப்பாவுக்குப் பயணமானார். பிரான்சின் தென்பகுதியில், ஃப்ரான்டின்யான் என்னும் ஊரின் பக்கத்தில் திராட்சைத் தோட்டங்களைக் கண்டார். கொடிகள் அகன்ற வரிசைகளில் நின்றன. எருவிட்டால் திராட்சை மதுவின் சுவை கெடும் என்று அங்கே எரு இடுவதில்லை. அதற்குப் பதிலாக வரிசைகளுக்கு நடுவே கோடையில் திரும்பத் திரும்ப உழுதார்கள். உழவு தவறிய தோட்டத்தில் கொடி வாடியது. உழுத தோட்டத்தில் செழித்தது. நோயாளியாகப் போனவர் இந்த ஒரு காட்சியைக் கையோடு கொண்டு திரும்பினார்.

திரும்பியவர் அதை முதலில் டர்னிப் கிழங்கிலும் உருளைக்கிழங்கிலும், பின்பு கோதுமையிலும் சோதித்தார். விதைக்கும் முன் உழுவது யாவரும் அறிந்தது. பயிர் நிற்கும்போதே, அதன் வேர் பரவும் மண்ணை மறுபடி மறுபடி உழவேண்டும் என்பது டல்லின் கொள்கை. அதற்குக் குதிரை நடக்க இடம் வேண்டும். குதிரை இழுக்க ஒரு களைக்கலப்பை வேண்டும். இரண்டையும் அவரே வகுத்தார்.

இவ்வளவு அகலம் விட்டால் செடியின் வேர் அவ்வளவு தூரம் எட்டுமா என்று எவரும் கேட்பார்கள் அல்லவா? அதற்கு அவர் சொல்லும் சோதனை, ஆய்வகமே இல்லாமல் செய்யக்கூடியது. நம் துறை நண்பர்கள் கவனிக்கவேண்டியது. உழாத கெட்டி நிலத்தில் 20 கஜ நீளமுள்ள ஒரு துண்டை மட்டும் தோண்டி மண்ணைப் பொடியாக்க வேண்டும். அத்துண்டு ஒரு முனையில் 2 அடி அகலமும் மறுமுனையில் 12 அடி அகலமுமாக விரிந்துகொண்டே போகவேண்டும். நடுக்கோட்டில் 20 டர்னிப் செடிகள். குறுகிய முனையிலிருந்து அகன்ற முனைக்குப் போகப் போகக் கிழங்கு பெருத்துக்கொண்டே சென்றால், ஒவ்வொரு செடியின் வேரும் பொடி மண்ணின் விளிம்புவரை எட்டுகிறது என்பது விளங்கும். கடைசிச் செடி நடுவிலிருந்து 6 அடி தூரத்து உணவையும் இழுக்கிறது என்றாகும். வேரைத் தோண்டிப் பார்த்தால் அறுந்து போகும். ஆகவே வேரைப் பார்க்காமலே அதன் நீளத்தை அளக்கும் வழியைக் கண்டார். இதைப் படித்தபோது நான் இருமுறை வரைந்து பார்த்துக்கொண்டேன்.

கோதுமைக்கு அவர் வகுத்த முறை இது. 6 அடி அகலத்துக்கு ஒரு மேட்டுப் பார். அதன் உச்சியில் 10 அங்குல இடைவெளியில் இரண்டே வரிசை கோதுமை. மீதமுள்ள ஏறத்தாழ 5 அடியும் வெற்றிடம். குதிரையும் களைக்கலப்பையும் போய்வரும் இடம். இரு வரிசைகளுக்கு நடுவிலுள்ள குறுகிய இடத்தைக் கைக்களைக்கொத்தால் கொத்தவேண்டும். அடுத்த ஆண்டுப் பார், இந்த ஆண்டு வெற்றிடமாக இருந்த நடுப்பகுதியில் அமையும். அதாவது ஒரே வயல் ஒரே ஆண்டில் விளைநிலமாகவும் தரிசாகவும் இருக்கும். கையால் இறைத்தால் ஏக்கருக்கு இரண்டு புஷலுக்கு மேல் செலவாகும் விதை, இம்முறையில் ஒரு புஷலுக்கும் குறைவாகவே போதும். எருவே இடாமல் ஒரே வயலில் 13 ஆண்டுகள் தொடர்ந்து கோதுமை எடுத்தார் என்பர்.

ஆறடிக்கு இரண்டு வரிசை என்றால் சுற்றியிருந்தவர்கள் சிரிக்காமல் இருப்பார்களா? முளைத்த புதிதில் வயல் ஏறத்தாழ வெறுமையாகத் தெரிந்திருக்கும். ஆனால் கோதுமை, நம் நெல்லைப்போலவே, தூர் கட்டும் பயிர். இடமும் உணவும் இருந்தால் ஒரு விதையிலிருந்து பல தாள் எழும்; இல்லாவிட்டால் ஒன்றிரண்டோடு நின்றுவிடும். டல்லின் கணக்கு முழுவதும் இந்த ஒரு குணத்தின்மீது நிற்கிறது. இங்கேதான் வகைத் தேர்வு வந்து சேருகிறது.

எந்தக் கோதுமைக்கும் இந்த இடைவெளி பொருந்தும் என்று அவர் கூறவில்லை. நெருக்கத்தில் நல்ல பெயர் எடுத்த வகை, அகலத்தில் உணவு மிஞ்சிப்போய்த் தழைத்துச் சாய்ந்துவிடலாம். அகலத்தில் சிறக்கும் வகை நெருக்கத்தில் பட்டினி கிடந்து தன் திறமையைக் காட்டாமலே போகலாம். ஆகவே அவர் வகைகளைத் தரம் பிரிக்கிறார். முதலிடம் ஸ்மிர்னா கோதுமைக்கு. இதன் கதிர் மிகப் பெரியது. அடிப்புறத்தைச் சுற்றிப் பல சிறு கிளைக் கதிர்களும் தோன்றும். தோட்ட மண்ணின் கொழுப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளும். ஆனால் வழக்கமான முறையில் விதைத்தால் கதிர் சாதாரணக் கோதுமையைவிட அதிகம் பெருப்பதில்லை. அதற்கு வேண்டிய உணவு அங்கே கிடைப்பதில்லை. அகல வரிசையிலேயே கிடைக்கும். ஊரார் விதைத்துப் பார்த்துக் கைவிட்ட ஒரு வகையைத் தன் முறைக்கு ஏற்ற முதல் வகையாக டல் எடுத்து நிறுத்தியது இக்காரணத்தால்தான். இரண்டாமிடம் வெள்ளைக் கூம்புக் கோதுமைக்கு. மூன்றாவது சாம்பல் கூம்புக் கோதுமை. அக்காலத்தில் பெருவழக்காயிருந்த லாமாஸ் கோதுமைக்கு இவ்வரிசையில் இடமில்லை.

வெள்ளைக் கூம்பை அவர் விரும்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிற கோதுமைகளின் தாள் உள்ளே கூடாக இருக்கும். இதன் தாளிலோ கோரையைப்போல் உள்ளே நெட்டி நிறைந்திருக்கும். அடிப்பகுதி மட்டும் கூடு, அங்கும் சுவர் தடித்து உறுதியாக இருக்கும். மழையும் குளிருமான கோடையில் தாள்களில் கரும்புள்ளி தோன்றி மணி சூம்பிப்போகும் நோய் வரும். வெள்ளைக் கூம்பின் தாளிலும் அப்புள்ளிகள் இருந்தன. ஆனால் மணி மட்டும் பருத்தே இருந்தது. அதனோடு கலந்து நின்ற சாம்பல் கூம்பும் லாமாஸும் சூம்பிவிட்டன. முன்பின் பழுப்பதால் வந்த வேறுபாடோ என்று அவரே ஐயுற்றார். வெள்ளைக் கூம்பு சாம்பல் கூம்பைவிட ஒரு வாரம் முன்னதாகவும், லாமாஸுக்குப் பின்பும் பழுப்பது. ஆனால் முன்பருவம், பின்பருவம் என எப்போது விதைத்தாலும் மூன்றும் ஒன்றாக நின்ற இடத்தில் வெள்ளைக் கூம்பே தப்பியது. ஆகவே இது காலத்தால் வந்ததன்று, அவ்வகையின் பிறவிக் குணம் என்று முடிவு செய்தார். ஒரு காரணத்தை ஒதுக்கி மறு காரணத்தை நிலைநாட்டும் இந்த முறையைத்தான் நாம் செய்முறை வகுப்பில் கற்கிறோம்.

நோயின் காரணத்தை மட்டும் அவர் தவறாகக் கொண்டார். தாளில் பூச்சிகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதால் கரும்புள்ளி வருகிறது என்று எண்ணினார். அது துரு நோய், பக்சீனியா என்னும் பூஞ்சையால் வருவது. 1767-ல்தான் இத்தாலியில் ஃபோன்டானா அதை உருப்பெருக்கியில் பார்த்து விவரித்தார். டல் அதற்கு 26 ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டார்.

கூம்புக் கோதுமை வேறு இனம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. லாமாஸ் ரொட்டிக் கோதுமை, டிரிட்டிகம் ஈஸ்டிவம்; 42 குரோமோசோம்கள். கூம்புக் கோதுமையும் ஸ்மிர்னாவும் டிரிட்டிகம் டர்ஜிடம், 28 குரோமோசோம்கள். கிளைக்கதிர் தோன்றுவதற்குக் காரணமான ஜீன் 2015-ல் வெளிவந்த ஆய்வொன்றில் அடையாளம் காணப்பட்டது. கிளைத்தால் மணிகளின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொரு மணியின் எடை குறையும் என்பதும் அதில் தெரியவந்தது. மணி நிறைய வேண்டுமானால் உணவு மிகுதி வேண்டும் என்று டல் வயலிலிருந்து சொன்னதற்கு இது ஒத்துவருவதை நண்பர்கள் காணலாம்.

விளைந்தால் மட்டும் போதாது, விற்கவும் வேண்டுமே. கூம்புக் கோதுமை மாவை ரொட்டிக் கடைக்காரர்கள் குறை கூறினார்கள். டல் அதற்கும் விடை தருகிறார். மாவு ஆலையில் அதிகம் நுணுக்கக்கூடாது. மற்ற மாவைவிடத் தளர்வாகப் பிசையவேண்டும். அப்படிச் செய்தால் அதே அளவு லாமாஸைவிட அதிக ரொட்டி கிடைக்கும், நிறம் மட்டும் இலேசாக மஞ்சளாகும். வயலில் தொடங்கி அடுப்புவரை ஒரு வகையைப் பின்தொடர்ந்து சென்றவர் அவர். சோற்றுக்கு ஆகாது என்று நல்ல நெல்வகைகளை ஒதுக்கும் நம் வீடுகளில் இந்தப் பிசையும் ஆலோசனை எளிதில் புரியும்.

நூலில் என்னைக் கவர்ந்த இன்னொரு செய்தி கரிப்பூட்டை நோயைப் பற்றியது. அவருக்கு ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன் பிரிஸ்டல் அருகே கோதுமைக் கப்பல் ஒன்று மூழ்கியதாம். கடல்நீரில் ஊறிய தானியம் ரொட்டிக்கு உதவாதென்று உழவர்கள் மலிவாக வாங்கி விதைத்தார்கள். அவ்வாண்டு எங்கும் கரிப்பூட்டை. உப்புநீரில் ஊறிய விதையின் விளைச்சல் மட்டும் தூய்மையாக இருந்தது. அதன்பிறகு உப்புநீரில் விதை நேர்த்தி செய்யும் வழக்கம் பரவியது என்று கேள்விப்பட்டபடி எழுதுகிறார். விதையில் ஒட்டும் கரும்பொடியே நோயைப் பரப்புகிறது என்பதை 1755-ல் பிரான்சில் டில்லே சோதனையால் காட்டினார்.

1731-ல் தம் முறையைச் சிறு நூலாகவும், 1733-ல் குதிரைக் களைக்கலப்பை வேளாண்மை என்னும் பொருள்படும் பெரு நூலாகவும் வெளியிட்டார். உடனே கண்டனம் எழுந்தது. ஸ்டீஃபன் ஸ்விட்சர் என்னும் தோட்டக்கலை எழுத்தாளரும் அவரைச் சார்ந்தவர்களும் கடுமையாகத் தாக்கினார்கள். முன்னோர் சொன்னதைத் தமது என்று கூறிக்கொள்கிறார் என்றும் குற்றம் சாட்டினார்கள். டல்லும் சளைத்தவரல்லர். படுக்கையில் கிடந்தபடியே பதிலுக்குப் பதில் எழுதினார். இந்தச் சண்டைப் பக்கங்களைப் படிப்பது எனக்கு அலுப்பாக இருந்தது. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆனால் எதிர்ப்பாளர் பக்கம் நியாயமே இல்லையென்று கூற முடியாது. டல்லின் அடிப்படைக் கோட்பாடு தவறானது. செடி உண்பது மண்ணின் நுண்துகள்களையே என்று அவர் நம்பினார். உழுவது மண்ணைப் பொடியாக்குகிறது. எருவும் பொடியாக்கும் வேலையைத்தான் செய்கிறது. ஆகவே உழவு போதும், எரு வேண்டாம் என்பது அவர் வாதம். எரு களைவிதைகளைக் கொண்டுவருகிறது என்ற வெறுப்பும் சேர்ந்துகொண்டது. 1699-ல் ஜான் வுட்வர்டு புதினாச் செடிகளைப் பலவகை நீரில் வளர்த்துச் செய்த சோதனையும் இந்நம்பிக்கைக்குத் துணை நின்றது. வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த உப்புகளை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. 1840-ல் வெளிவந்த லீபிக்கின் நூல் அதைப் பரப்பியது. எனினும் 13 ஆண்டு விளைச்சல் பொய்யன்று. அகல இடைவெளியில் களை போய்விடுகிறது. ஈரம் மிஞ்சுகிறது. உழுத மண்ணில் மட்கு சிதைந்து, அதிலுள்ள தழைச்சத்து பயிருக்குக் கிடைக்கிறது. டல் தின்னக் கொடுத்தது மண்ணின் பழைய சேமிப்பை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் ப்ராட்பாக் வயலில் 1843 முதல் கோதுமை பயிரிட்டு வருகிறார்கள். எருவே காணாத துண்டும் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1 டன் தந்து வந்திருக்கிறது. அருகில் எருவோ உரமோ இட்ட துண்டுகள் அதைப்போல் பல மடங்கு தருகின்றன. எரு வேண்டாம் என்றவருக்கு இதைவிடப் பொறுமையான மறுப்பு கிடையாது.

டல் 1741 பிப்ரவரி 21-ல் ப்ராஸ்பரஸ் பண்ணையில் காலமானார். அக்கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் மாதத்தில் பிறந்ததால் பழைய ஏடுகளில் அது 1740 என்றே இருக்கும். பிறந்த ஊரான பேசில்டனில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் வாழ்ந்தபோது அண்டை உழவர்கள் அவர் முறையைப் பெரிதாகப் பின்பற்றவில்லை. பிரான்சில் டுஹாமெல் டு மான்சோ 1750-களில் அவர் கருத்துகளை எடுத்துச் சோதித்துப் பரப்பினார். இங்கிலாந்தில் வில்லியம் கோபெட் 1822-ல் நூலை மறுபதிப்புச் செய்தார். கூலியாட்களுக்காக வாழ்நாள் முழுதும் வாதாடிய கோபெட், கூலியாட்களை ஏசிய டல்லின் நூலைக் கொண்டாடினார் என்பது எனக்கு வியப்பைத் தந்தது.

காலப்போக்கில் வரிசை நிலைத்தது, அகலம் போய்விட்டது. இன்று நம் நாட்டில் கோதுமைக்குச் சொல்லப்படும் வரிசை இடைவெளி 20 முதல் 22.5 சென்டிமீட்டர்தான். 1960-களில் வந்த சோனோரா 64, லெர்மா ரோஹோ 64 போன்ற குட்டை வகைகள் நெருக்கத்துக்கும் உரத்துக்கும் நீர்ப்பாசனத்துக்கும் என்றே வந்தவை. அவற்றை இங்கே வேரூன்றச் செய்ததில் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் பங்கு பெரிது. உரத்தைத் தாங்கிச் சாயாமல் நிற்பது அவற்றின் சிறப்பு. ஆனால் இவற்றை அகல வரிசையில் நட்டால் குட்டைத் தாளின் நிழல் நடுநிலத்தை மூடாது. அங்கே களை முந்திக்கொள்ளும்.

டல் விட்ட 5 அடியும் வெறுமையாகவே கிடந்தது. அந்த இடத்தில் இன்னொரு பயிரை வைத்தால் என்ன என்ற கேள்விக்கு நம் நாட்டு உழவர்கள் நெடுங்காலமாக விடை கண்டு வருகிறார்கள். வட இந்தியாவில் கோதுமையோடு கடுகையும் கொண்டைக்கடலையையும் கலந்தோ வரிசை விட்டோ விதைப்பது பழைய வழக்கம். அங்கும் வகைத் தேர்வே முதன்மையானது. கடலைக்கு ஒளி விட்டு நிற்கும் கோதுமை வேண்டும். நன்றாகத் தூர் கட்டவேண்டும். தாள் சாய்ந்து ஊடுபயிர்மேல் படுத்துவிடக்கூடாது. இரண்டும் பழுக்கும் நாள் அறுவடைக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆறேழு சால் நிலக்கடலைக்கு ஒரு சால் துவரை விடுவார்கள். கடலை பிடுங்கும்வரை அடக்கமாக நின்று, பிடுங்கிய பின் ஓங்கி விரியும் நாட்பட்ட துவரைதான் அதற்கு ஏற்றது என்று என் தாயார் கூறுவார். குறுகிய நாள் துவரையை அந்தச் சாலில் விட்டவர்கள் கடலையில் நட்டப்பட்டதைக் களையெடுக்கும்போது பார்த்தவர் அவர். ஆய்வு நிலையங்களில் வகைகளைப் பெரும்பாலும் தனிப்பயிராக, நெருக்க வரிசையில் வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்மிர்னாவைப்போல், அகலத்தில் மட்டுமே சிறக்கக்கூடிய வகை அந்தச் சோதனைத் துண்டில் கடைசியில் நின்று கழிக்கப்பட்டுவிடும்.

வெள்ளைக் கூம்பின் உறவான ரிவட் கோதுமையை இங்கிலாந்தில் பழைய வகைகளைப் பேணும் சிலர் மீண்டும் பயிரிடுகிறார்கள். ஆளுயரம் வளர்வது, கதிரில் நீண்ட கூர் உள்ளதால் பறவைகள் அதிகம் நெருங்குவதில்லை. அதன் மாவையும் சற்றுத் தளர்வாகத்தான் பிசையவேண்டுமாம்.